அமெரிக்க கேசட்டில் ஒரு சிவப்பு கவுன்

அன்று மாலை நாலு இருபதுக்கு நாடா அறுந்தது. ஸ்டுடியோ சுவரில் கடிகாரம் எனக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது, அதனால் நேரம் மறக்கவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. புடவைக் குஞ்சத்தில் ஒரு நூல் அறுந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் வீடியோ டெக்கின் மேல் குனிந்தபடியே இருந்தார். நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்கும் வகுப்பில் பிள்ளைகள் நோட்டிலிருந்து தாள் கிழித்தால் எனக்கு ஒரு முறை தூக்கிவாரிப் போடுகிறது.

அறுந்தது ஒரு பழைய வீடியோ கேசட்டின் நாடா. அதில் என் மகள் பேசுகிறாள். இரண்டரை வயதில், காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் பேசுகிறாள். அந்த வயதில் அவள் அசைந்து பேசுவதைக் காட்ட எங்களிடம் வேறு எதுவும் கிடையாது. போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அதை எடுத்தது ஒரு அமெரிக்க அம்மா. எங்கள் சபைக்கு வந்து, போதகர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தார். தோளில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, தறி, மாடு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பக்கத்துத் திருமலைச் சமணக் கோவிலின் மலைப்படிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். ஊருக்குத் திரும்பிப் போய்ச் சில மாதங்கள் கழித்து, எங்கள் ஊரில் எடுத்ததை, மகள் பேசுவதும் சேர்த்து, ஒரு கேசட்டாக்கித் தபாலில் அனுப்பினார். வாக்குக் கொடுத்தால் மறக்காத மனுஷி.

எங்கள் வீட்டில் அப்போது டெக் கிடையாது. கல்யாண வீடுகளுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு விடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். தெருவே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. கேசட்டைப் போட்டால் திரையில் சாம்பல் நிறக் கோடுகள் கீழிருந்து மேலே ஓடின. இடையிடையே யாருடைய காலோ தலைக்கு மேலே தெரிந்தது. சத்தம் மட்டும் வந்தது, அதுவும் மெதுவாக இழுத்து இழுத்து. என் மகளின் குரல், பொடி போட்டுப் பேசும் ஒரு கிழவரின் குரல் மாதிரி கரகரத்தது.

"இன்னாடி இது, உங்க தாத்தா வந்து பேசறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் என் மகள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் அந்தக் குரலில்தான் சோறு கேட்டாள். தொண்டையைத் தாழ்த்தி, கன்னத்தை உப்பி, "தண்ணீ" என்பாள். அவள் அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் "பெரியவரே, வணக்கம்" என்று கும்பிடுவார்.

வெளிநாட்டு கேசட், நம் ஊர் டெக்கில் ஓடாது என்று வாடகைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். சென்னையில் யாரிடமாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். அதற்குள் அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வேலூரில் பல நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கேட்கும் திறன் போய்விட்டிருந்தது. கேசட் என் கல்யாணப் புடவைக்கு அடியில் பீரோவுக்குள் போனது. அதை வெளியே எடுக்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

போன கிறிஸ்துமசுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்கிறபோதுதான் அது மறுபடி வெளியே வந்தது. பீரோவைக் காலி செய்துகொண்டிருந்த மகள் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு இப்போது கல்யாண வயது. பட்டுப் புடவைக்கு பார்டரும் புட்டாவும் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்குக் கொடுக்கிறாள். சுற்று ஊர்களில் நெய்கிறவர்களைப் பார்க்கத் தானே ஸ்கூட்டியில் போய்விட்டு வருகிறாள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். பேசவும் பேசுவாள். பழகாதவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாக இருக்கும்.

அது என்ன கேசட் என்று சொன்னேன். அமெரிக்க அம்மா, உருண்ட படம், தாத்தா குரல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் பேசறது ஸ்கூல்ல கண்ணாடி பார்த்துக் கத்துக்கினது, மா" என்றாள். "தொண்டையில கை வெச்சு, நாக்கை இங்க வை, அங்க வைன்னு சொல்லிக் கொடுத்தது. அதுக்கு முன்னாடி தானா பேசிக்கினு இருந்தேன் இல்ல? அப்ப என் வாய் எப்படிப் போச்சுன்னு பார்க்கணும்."

எனக்கு வேண்டியிருந்தது வேறு. எனக்கு அந்தக் குரல் வேண்டும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பழைய கல்யாண கேசட்டுகளை டிஸ்க்கில் போட்டுத் தருகிற ஸ்டுடியோ ஒன்று பஜார் பக்கம் இருக்கிறது. நடத்துகிறவர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, பதினெட்டு வயது வரை தறியில் உட்கார்ந்தவர், பிறகு கேமராவுக்கு வந்துவிட்டார். அவர் மகள் என்னிடம் படித்தாள், அதனால் நான் டீச்சர். கேசட்டைக் கொடுத்து, எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் ஒரே ஒரு காப்பி போதும் என்றேன். ஒரு வாரத்தில் கூப்பிட்டார்.

டிஸ்க்கை அவர் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினார். திரையில் ரோஜாப்பூ வளையம் சுற்றி, நடுவில் என் மகளின் பழைய போட்டோ ஒன்று நின்றது. அதை நான்தான் கேசட்டோடு அடையாளத்துக்காகக் கொடுத்திருந்தேன். மூலையில் இரண்டு புறாக்கள் பறந்தன. போட்டோவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. இந்த முறை கிழவர் இல்லை. என் குழந்தையின் குரலேதான், உரிய வேகத்தில், உரிய மழலையில், ஒரு கோழியைப் பற்றி யாரிடமோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஸ்டுடியோக்காரர் ஃபேனைக் கூட்டி வைத்தார். படம் போய்விட்டது டீச்சர், பூசணம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாகி உருள்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை, சத்தம் மட்டும் தங்கம் மாதிரி இருக்கிறது, அதனால்தான் மேலே போட்டோவை வைத்து மிக்ஸிங் செய்துவிட்டேன் என்று விளக்கினார். கல்யாண வீடியோக்களில் சத்தத்தைத் தூக்கிவிட்டுப் பாட்டுப் போடுவதுதான் அவர் வழக்கம். எனக்காகச் சத்தத்தை வைத்துக்கொண்டு படத்தைத் தூக்கியிருக்கிறார். அவர் அதை ஒரு பரிசாகத்தான் செய்தார். எனக்கும் பரிசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். அவள் ரோஜாப்பூ வளையத்தைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். இனிமேல்தான் ஆரம்பிக்கும் என்று நினைத்துக் காத்திருந்தாள். புறாக்கள் இரண்டாம் சுற்று வந்தபோது என் பக்கம் திரும்பினாள். என் கன்னம் நனைந்திருந்தது.

"என் வாய் எங்க, மா?" என்று கேட்டாள்.

காது கேட்கிற எனக்கும் ஸ்டுடியோக்காரருக்கும் சத்தம் கிடைத்ததும் எல்லாம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. யாருக்காக அந்த கேசட்டை எடுத்துக்கொண்டு போனோமோ அவளுக்கு ஒரு போட்டோவும் இரண்டு புறாவும் மிச்சம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் போனை வைத்துக்கொண்டு எதையோ தேடித் தேடிப் படித்தாள். பிறகு எனக்கு விளக்கினாள். அமெரிக்காவில் டிவி படத்தை அனுப்புகிற முறை வேறு, நம் நாட்டு முறை வேறு. ஒரு நொடிக்கு எத்தனை படம், ஒரு படத்துக்கு எத்தனை கோடு என்ற கணக்கே வேறு. ஸ்டுடியோ டெக் அந்த முறையையும் படிக்கும், அதனால்தான் குரல் சரியாக வந்தது. ஆனால் டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி நம் கணக்கிலேயே இருந்தால் நிறம் போய்விடும், படம் உருளும். பூசணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதையெல்லாம் அவளே ஸ்டுடியோக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவர் என் போனுக்குக் கைதட்டும் பொம்மைகள் நாலைந்து அனுப்பி, உங்கள் மகள் சொன்னது சரிதான் டீச்சர், இந்த ஊருக்கு அந்த மாதிரி கேசட் வந்ததே இல்லை, எல்லாம் நம்ம ஊர் கல்யாணம்தானே, செட்டிங்கை நான் தொட்டதே இல்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நான் நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். மகள் சந்தவாசலில் ஒரு தறிக்காரருக்கு டிசைன் காட்டப் போயிருந்தாள். முடித்துக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கு வருவதாக ஏற்பாடு. தான் வரும்வரை ஓட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்களுக்குப் பொறுமை இருந்திருக்காது.

பெட்டியின் செட்டிங்கை மாற்றி, நாடாவின் நடுவில் எங்கோ ஓட்டிப் பார்த்தார். திரை ஒருமுறை துள்ளியது. பிறகு நின்றது. நிறத்தோடு நின்றது. சிவப்பு கவுன். அந்தக் கவுன் நானே தைத்தது. அதன் சிவப்பு அவ்வளவு சிவப்பு என்று எனக்கே மறந்துவிட்டிருந்தது. கவுனுக்கு மேலே ஒரு முகம் கேமராவைப் பார்த்துத் திரும்பியது.

"வந்துடுச்சு டீச்சர்" என்றார் அவர். "முதல்லேருந்து ஒழுங்கா ஏத்திடலாம்." நிறுத்திவிட்டு, பின்னால் சுற்றுகிற பொத்தானை அழுத்தினார்.

சுற்றும்போது டெக்குக்குள் ஏதோ முனகியது. அவர் உடனே நிறுத்தி கேசட்டை வெளியே வரவைத்தார். கேசட் பாதி வந்தது. நாடா உள்ளே ஒரு சக்கரத்தில் மாட்டிக்கொண்டு, கறுப்பாக ஒரு வளையம் தொங்கியது. மூடியைக் கழற்றி, விரலால் மெதுவாக விடுவித்தார். மெதுவாகத்தான் செய்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு இருபதுக்கு அறுந்தது.

அடுத்து நடந்ததை வேறு ஊரில் யாரும் செய்திருக்க முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால் நெய்கிறவர்கள் யோசிக்க மாட்டார்கள். கை தானாகப் போய்ச் சாம்பல் தொடும், இரண்டு முனைகளையும் சேர்த்து விரல்நுனியில் ஒரு முறுக்கு முறுக்கும், இழை ஒட்டிக்கொள்ளும், தறி ஓடும். ஸ்டுடியோக்காரரின் மேசை மூலையில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் விபூதி இருந்தது. அவர் வலது கை அந்தத் தட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன். விபூதியைத் தொட்ட விரல் அதே வேகத்தில் திரும்பி வந்து, நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, முறுக்கிவிட்டது.

ஒரு விரல் நீளத்துக்கு நாடா கயிறாகிவிட்டது. விபூதி பூசிய கறுப்புக் கயிறு.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னா பண்ணிட்டேன் டீச்சர்" என்றார். "கை முந்திக்கினு போயிடுச்சு."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகுதான் அந்தக் கயிற்றைக் குனிந்து பார்த்தேன். கசங்கிய அந்த விரல் நீளத்தில் எது இருக்கிறது? பிள்ளைகள் பாடுவதா, மாடா, இல்லை அந்த முகமா? அந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில்தான் நிறுத்தினோம்.

கசங்கியதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும், முறுக்கோடு ஓடினால் டெக்கும் போய்விடும் நாடாவும் போய்விடும் என்றார். கேசட்டின் திருகாணிகளைக் கழற்றினார். பழைய காலத்தில் வாங்கிய ஒட்டு நாடா ஒரு சுருள் டப்பாவில் கிடந்தது. இந்த முறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். விபூதித் தட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார், கைக்கு எட்டாத தூரத்தில். வெட்டினார், ஒட்டினார். ஒட்டு இருக்கும் இடத்தை டெக்கில் ஓட்டக்கூடாதாம். அதற்கு முன்னால் வரை ஒரு முறை, அதைத் தாண்டிக் கையால் சுற்றிவிட்டு அதற்குப் பின்னால் இருந்து ஒரு முறை, இரண்டு துண்டாக ஏற்ற வேண்டும். ஜல்தியாகச் செய்ய முடியாத வேலை டீச்சர், அது ஓடுகிற வேகத்தில்தான் ஏறும் என்றார்.

முதல் துண்டு ஓடியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். இப்போது அவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகள் இல்லை. ஆட்டுக்குட்டி ஒன்று வந்தது. என் மகள் இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குத் திரையும் தெரியவில்லை, வாசலும் தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் கழுத்து போய் வந்துகொண்டிருந்தது. சந்தவாசல் ரோட்டில் லாரிகள் வருகிற வேகம் எனக்குத் தெரியும். பின்னால் ஹாரன் அடித்தால் அவளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறாள், என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள், லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள், எல்லாம் உண்மை. மழையில் கண்ணாடி நனைந்துவிடுமே. 'எங்கே இருக்கிறாய்' என்று அனுப்பினேன். 'வந்துகினு இருக்கேன்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக் மட்டும் நின்றது. என் கணவருக்குப் போன் செய்தேன். எங்காவது ஒதுங்கியிருப்பாள், நீ ஊரைக் கூட்டாதே என்றார். ஆனால் அவர் குரலும் சாதாரணமாக இல்லை.

வந்தாலும் எதைச் சொல்வேன்? உன் வாயைப் பார்க்க ஆசைப்பட்டாய், அறுத்து, விபூதி பூசி, வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டோம் என்றா?

ஸ்டுடியோக்காரர் நாடாவைக் கையால் சுற்றினார். ஒட்டைத் தாண்டிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கேசட்டை உள்ளே தள்ளினார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர்" என்றார். "இங்க பாருங்க."

சிவப்பு கவுன். எங்கள் சபைக் கோவில் வாசல். கவுனுக்குப் பக்கத்தில் போதகர் வீட்டுச் சேவல். என் மகள் நடு வாக்கியத்தில் இருந்தாள். தொடக்கம் போய்விட்டிருந்தது, மிச்சம் இருந்தது. "...முட்ட போடாது. இது ஆம்பளக் கோழி" என்று கேமராவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கம் புரியாத அமெரிக்க அம்மா எல்லாவற்றுக்கும் சந்தோஷமாக ஓ, ஓ என்றார். இவள் விடவில்லை. கையை நீட்டி, தலையை ஆட்டி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவள் எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தியதில்லை, அன்றும் சரி, இன்றும் சரி. முகம் முழுதும் தெரிந்தது. வாய் தெரிந்தது. பின்னணியில் ஒல்லியாக ஒரு பெண் பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான். அந்தப் பச்சைப் புடவையை எங்கே தொலைத்தேன் என்று யோசித்தேன். "பாப்பா" என்று என் குரல் கேட்டது. குழந்தை பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது. அதோடு படம் மலைப்படிகளுக்குப் போய்விட்டது.

ஏற்றி முடித்து, டிஸ்க்கில் எழுதி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, இன்னொன்றும் எழுதி வைத்தார். ஒன்று கீறிவிட்டால் என்ன செய்வது என்று அவரே சொன்னார். பூவும் புறாவும் வேண்டாமா டீச்சர் என்று கேட்டார். வேண்டாம் என்றதும், நான் சும்மாதான் கேட்டேன் என்றார்.

வெளியே இருட்டிவிட்டது. மழை விட்டு வெகுநேரம் கழித்து ஸ்கூட்டி வெளிச்சம் வாசல் கண்ணாடியில் அடித்தது. ஹெல்மெட்டோடு அப்படியே உள்ளே வந்தாள், துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. போன் நனைந்து அணைந்துவிட்டதாம். மழைக்குத் திரும்பிப் போனதில் தறிக்காரர் வீட்டில் காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டார்களாம். என்னைத் திட்ட விடவில்லை. ஸ்டுடியோக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார், பழக்கத்தில் சத்தத்தையும் கூட்டி வைத்தார், உடனே வெட்கப்பட்டுக் குறைத்தார்.

பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை உதட்டை மெல்ல அசைத்துக்கொண்டே பார்த்தாள்.

"ஆம்பளக் கோழியா?" என்று என்னிடம் கேட்டாள்.

தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆம்பளக் கோழி" என்று தன் குரலில் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் எப்படி அறுத்தோம், எப்படி ஒட்டினோம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கையை அமர்த்திக் காட்டிவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னாள். ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லி, பாய் மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது நீ. இங்க என்னைக் கூப்பிட்டியா?"

"ஆமா."

இன்னும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சொன்னாள்:

"நீ அந்தப் பக்கம் பார்த்துக்கினு கூப்பிடற, மா. எனக்கு உன் முதுகுதான் தெரியுது. ஆனாலும் உடனே ஓடி வரேன், பாரு."